குடமுருட்டியில் தண்ணீர், வானத்தில் எதிர்காற்று

திருக்காட்டுப்பள்ளியில் ஒரு வீட்டுப் பிள்ளை சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், எதிர்வீட்டுப் பிள்ளை துபாயில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதில் கற்பனை அதிகம் இல்லை. காவிரிக் கரையில் இப்படி அமையாத தெருவைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். விடுமுறை முடிந்து இருவரும் ஒரே இரவில் கிளம்புகிறார்கள். இருவருக்கும் திருச்சி விமான நிலையம்தான். இரண்டு விமானங்களும் இரவு 10 மணிக்குப் புறப்படுகின்றன, இரண்டுக்கும் நான்கு மணி நேரம் பிடிக்கிறது என்று கொள்வோம். சிங்கப்பூர்க்காரர் இறங்கும்போது அந்த ஊர்க் கடிகாரம் காலை 4.30 காட்டும். துபாய்க்காரர் இறங்கும்போது அங்கே நள்ளிரவு 12.30தான். டிக்கெட்டில் அச்சிட்ட நேரத்தை மட்டும் பார்க்கிற பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளைக்கு ஆறரை மணி நேரப் பயணம், இன்னொரு பிள்ளைக்கு இரண்டரை மணி நேரம் என்று கணக்குப் போட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

உண்மையில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,980 கி.மீ. துபாய் ஏறத்தாழ 2,940 கி.மீ. வித்தியாசம் 40 கி.மீ. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து காரில் திருச்சி விமான நிலையம் போய்ச் சேருகிற தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வானத்து வழியில் திருச்சி இந்த இரண்டு ஊர்களுக்கும் நட்டநடுவில் நிற்கிறது.

தூரத்துக்கு ஒரே விடைதான் உண்டு, அது மாறாது. பயண நேரத்துக்கு மாதத்துக்கு ஒரு விடை, திசைக்கு ஒரு விடை, அரசாங்கத்துக்கு ஒரு விடை. முதலில் தூரத்தைப் பார்த்துவிடுவோம், அது சுலபம்.

திருச்சி விமான நிலையம் வட அட்சரேகை 10.77 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 78.71 பாகையிலும் இருக்கிறது. சிங்கப்பூரின் சாங்கி நிலையத்துக்கு இந்த எண்கள் 1.36, 103.99. வடக்கு தெற்காக வித்தியாசம் 9.41 பாகை, கிழக்கு மேற்காக 25.28 பாகை. அட்சரேகையில் ஒரு பாகை எங்கே அளந்தாலும் ஏறத்தாழ 111 கி.மீ. ஆகவே தெற்கே போக வேண்டியது 1,044 கி.மீ. தீர்க்கரேகையின் பாகை அப்படி அல்ல. நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. இருக்கும் அது, வடக்கே போகப் போகச் சுருங்கித் துருவத்தில் பூஜ்யமாகிவிடும். எவ்வளவு சுருங்கும் என்பதை அட்சரேகையின் கொசைன் சொல்லும். இரண்டு ஊர்களின் சராசரி அட்சரேகை 6 பாகை, அதன் கொசைன் 0.994. ஆக ஒரு பாகைக்கு 110.4 கி.மீ., கிழக்கே போக வேண்டியது 2,790 கி.மீ. இனி பத்தாம் வகுப்பு பித்தாகரஸ் தேற்றம் போதும். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 2,979 வருகிறது. கோளத்துக்கான முக்கோணவியலைப் போட்டு முறையாகக் கணக்கிட்டாலும் 2,981தான். இரண்டு கிலோமீட்டருக்காக யாரும் சண்டை போட மாட்டார்கள்.

இந்தச் சுலபத்துக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று யார் அளந்து சொன்னது? அந்தக் கதையின் முக்கியமான ஒரு கட்டம் நம் தஞ்சாவூரில் நடந்தது.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சென்னை பரங்கிமலை அருகே எஃகுச் சங்கிலியால் தரையை அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ ஏழரை மைல் நீளம். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பநிலை பார்த்து, ஒவ்வொரு நூறு அடியாக நகர்த்தினார்கள். இன்று அதே பரங்கிமலைக்குக் கீழே மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குகின்றன. இந்தியாவில் இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரத்தைத் துல்லியமாகச் சொல்லும் வேலை அந்த மலையடிவாரத்தில் ஆரம்பித்தது என்பதற்காகவாவது, விமானம் ஏறப் போகிறவர்கள் ஒருமுறை அதைத் திரும்பிப் பார்க்கலாம்.

ஒரு பக்கத்தை அப்படி அளந்துவிட்டால், மற்றதையெல்லாம் கோணத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். மூன்று உயரமான இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்றிலிருந்து மற்ற இரண்டைப் பார்த்து, நடுவே உள்ள கோணத்தை அளக்க வேண்டும். முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்கள் கிடைத்துவிடும். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. மலைகள் உள்ள ஊரில் இது சரிப்படும். காவிரிப் படுகையில்? கண்ணுக்கு எட்டிய வரை வயல், வரப்பில் பனை, கரையில் தென்னந்தோப்பு. ஒரு மேடுகூடக் கிடையாது. அதனால் லாம்டனின் ஆட்கள் கோயில் கோபுரங்களில் ஏறினார்கள்.

1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்கு முறை வந்தது. கோணம் அளக்கும் கருவியான லாம்டனின் தியோடலைட் லண்டனில் கேரி என்பவர் செய்தது, அரை டன் எடை. இந்தியாவுக்கு வரும் வழியிலேயே பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டு, மொரீஷியஸ் போய், அங்கிருந்து மரியாதையோடு அனுப்பிவைக்கப்பட்ட கருவி அது. 216 அடி உயர விமானத்தின் உச்சிக்கு அதைக் கயிறு கட்டி இழுத்தார்கள். பாதியில் கயிறு அறுந்தது. கருவி ஊசலாடிச் சுவரில் மோதி, கோணங்கள் பொறித்த பெரிய வட்டம் நெளிந்துபோனது. வேறு யாராக இருந்தாலும் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டுப் புதுக் கருவிக்காகக் காத்திருப்பார்கள். லாம்டன் கூடாரத்துக்குள் போய் ஆறு வாரம் உட்கார்ந்தார். வட்டத்தைக் கழற்றி, மயிரிழை மயிரிழையாக இழுத்து, பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதே கருவியைக் கொண்டுதான் அவர் வேலையைத் தொடர்ந்தார். அறிவியல் வரலாற்று நூல்களில் இந்த ஆறு வாரத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குவார்கள். எனக்கு அது ஒரு தனி நூலுக்கே உரிய விஷயமாகத் தெரிகிறது.

லாம்டன் 1823இல் இறந்தபோது வேலை முடியவில்லை. அடுத்து வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் பூமியின் வடிவத்துக்கு ஓர் அளவு கொடுத்தார். பூமி சரியான உருண்டை அல்ல. நடுவில் சற்றுப் பெருத்தது, துருவங்களில் சற்று அமுங்கியது. நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357 கி.மீ. இந்திய வரைபடங்கள் நீண்ட காலம் எவரெஸ்டின் அளவையே பின்பற்றின. இப்போது உலக விமானப் போக்குவரத்து முழுவதும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற பொது அளவைப் பயன்படுத்துகிறது. நம் கைபேசியின் ஜி.பி.எஸ்.ஸும் அதே அளவில்தான் இயங்குகிறது.

திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் தட்டைக் கணக்கு சரியாக வந்ததால் எல்லா ஊர்களுக்கும் அப்படியே வரும் என்று நம்பிவிடக் கூடாது. பெங்களூருக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இதே முறையைப் போட்டால் 16,000 கி.மீ.க்கு மேல் வரும். உண்மையான குறுக்குவழி ஏறத்தாழ 14,000 கி.மீ.தான். ஒரு பூசணிக்காயின் மேல் இரண்டு புள்ளி வைத்து, நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் நூல் தானாகப் போய் நிற்கும் வழிதான் குறுக்குவழி. பெங்களூர் நூலை அப்படி இழுத்தால் அது கிழக்கே பசிபிக் பக்கம் போகாது. நேரே வடக்கே ஏறி, கிழக்குச் சைபீரியாவின் வடகரை ஓரமாக 71 பாகை வரை போய், பிறகு அமெரிக்காவுக்கு இறங்கும். சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் இது பெரிய வளைவாகத் தெரியும். வளைந்திருப்பது வரைபடம்தான், வழி அல்ல.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இந்த வித்தை அவ்வளவாக வேலை செய்யாது. திருச்சி-சிங்கப்பூர் வழியில் தட்டைக் கோட்டை விட்டுப் பூசணிக்காய் நூல் அதிகபட்சம் இருபது கி.மீ. அளவுக்குத்தான் விலகுகிறது. அந்த நூல் எந்தெந்த ஊர்களின் மேல் போகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தேன். திருச்சியிலிருந்து கிழக்கு, சற்றே தெற்கு. திருத்துறைப்பூண்டிக்குக் கொஞ்சம் தெற்கே, வேதாரண்யத்தின் மேல் நிலம் முடிகிறது. பிறகு வங்காள விரிகுடா. சுமத்ரா தீவின் ஆச்சே மாநிலத்தில் மறுபடி நிலம், மேடான் நகரத்தை ஒட்டி மலாக்கா நீரிணை, சாங்கி. நிஜ விமானம் இந்த நூலின் மேலேயே போகும் என்பதில்லை. விமான வழிகளுக்கென்று குறித்த புள்ளிகள் உண்டு, மேகத்துக்கு விலக வேண்டும், மற்ற விமானங்களுக்கு இடம் விட வேண்டும்.

இனி நேரம். டிக்கெட்டில் உள்ள பயண நேரம் வானத்தில் இருக்கும் நேரம் அல்ல. சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, போன ஊரில் மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள மொத்த நேரம் அது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவதற்கு வரிசையில் நிற்பது, எல்லாம் இதில் அடக்கம். ஜெட் விமானம் மணிக்கு 840 கி.மீ. போனாலும் இந்தச் சில்லறை வேலைகளுக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் போய்விடும். எனவே ஒரு சுலபமான சூத்திரம்: தூரத்தை 840ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். சிங்கப்பூருக்கு 3 மணி 33 நிமிடம், கூட்டினால் நான்கு மணி நேரம்.

தூரம் குறையக் குறைய இந்த அரை மணி நேரம் விஸ்வரூபம் எடுக்கும். திருச்சி-சென்னை வானவழித் தூரம் 293 கி.மீ. விமான அட்டவணையில் ஒரு மணி நேரம் போட்டிருப்பார்கள். 2025 மார்ச் இறுதியில் இண்டிகோ திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் விடத் தொடங்கியது. திருச்சியிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி வெறும் 184 கி.மீ., சென்னையைவிடப் பக்கம். அதற்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் ஆகிறது. அதில் பறப்பது ஜெட் அல்ல, விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானம் என்பது ஒரு காரணம். சராசரியாகப் பார்த்தால் மணிக்கு இருநூறு கி.மீ.கூடத் தேறாது. ஆனாலும் தூரத்தைப் பற்றி நம் மனதில் உள்ள எண்ணம் எவ்வளவு தப்பு என்று காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது. திருச்சிக்காரருக்குச் சென்னை நம்மூர், யாழ்ப்பாணம் கடல் கடந்த வெளிநாடு. கிலோமீட்டர் கணக்கு வேறு சொல்கிறது.

இப்போது காற்றுக்கு வருவோம். கிழக்கே போகும் விமானம் சீக்கிரம் போகும், மேற்கே வருவது தாமதமாகும் என்று ஒரு பொது நம்பிக்கை உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது சரி. அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வலுவான காற்றோடைகள் உண்டு. நம் ஊரில் ஆண்டின் ஒரு பகுதிக்கு இது தலைகீழ்.

ஆனி, ஆடியில் டெல்டாவில் வீசும் காற்றை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, கரூர், திருச்சி தாண்டி, மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வரும். அது தரையில். தலைக்கு மேல் பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், அதே நாளில், அதே நேரத்தில், காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசிக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் மேலே போனால் அதன் வேகம் உச்சத்தைத் தொடும். வெப்பமண்டலக் கீழைக் காற்றோடை என்று இதற்குப் பெயர். இதை ஒரு தனி காற்றோடையாக அடையாளம் காட்டி 1958இல் கட்டுரை எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர்.

காரணம் இதுதான். கோடையில் வட இந்தியாவும் திபெத் பீடபூமியும் கடுமையாகச் சூடாகின்றன. திபெத் நாலாயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் கிடப்பதால், அது நடுவானத்துக் காற்றையே நேரடியாகச் சூடாக்குகிறது. சூடான காற்று விரிந்து உயர்கிறது. அதனால் மேல்வானத்தில் வடக்கே அழுத்தம் கூடுகிறது, நிலநடுக்கோட்டுப் பக்கம் குறைகிறது. காற்று வடக்கிலிருந்து தெற்கே நகரப் பார்க்கிறது. பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் நகரும் காற்று வலப்பக்கம் திரும்பும். தெற்கே போகிறவருக்கு வலப்பக்கம் மேற்கு. ஆகவே காற்று மேற்கு நோக்கி ஓடுகிறது.

இது கீழே வீசும் தென்மேற்குப் பருவக்காற்றின் மேல் தளம் என்றே சொல்லலாம். கீழே வரும் காற்று குடகு மலையில் மழையைக் கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் மேட்டூரில் தேங்கி, குறுவைக்கென்று வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு, கல்லணை வந்து, காவிரியிலிருந்து பிரிந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் குடமுருட்டியில் ஓடுகிறது. ஆக, குடமுருட்டியில் தண்ணீர் புரளும் மாதங்களும் சிங்கப்பூர் விமானம் எதிர்காற்றில் முட்டிக்கொண்டு போகும் மாதங்களும் ஒன்றே. இரண்டுக்கும் மூலம் ஒரே பருவமழை. தரையிலும் அந்த விமானத்துக்கு அனுகூலம் இல்லை. விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்ப வேண்டும். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசும்போது, கிழக்கே போக வேண்டிய விமானம் மேற்கே பார்த்து எழும்பி, பிறகு திரும்ப வேண்டும். மேலே போனால் அங்கே கிழக்குக் காற்று எதிர்க்கிறது.

எவ்வளவு நேரம் போகும்? மேல்காற்று மணிக்கு 70 கி.மீ. என்று வைத்துப் பார்ப்போம். போகும்போது விமானத்தின் வேகம் தரையைப் பொறுத்து 770 கி.மீ., 3 மணி 52 நிமிடம் பறக்க வேண்டும். வரும்போது 910 கி.மீ., 3 மணி 16 நிமிடம். போக வர 36 நிமிட வித்தியாசம். கவனிக்க வேண்டிய இன்னொன்று: போகும்போது 19 நிமிடம் நஷ்டம், வரும்போது 17 நிமிடம்தான் லாபம். காற்று பறித்ததை முழுதாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. எதிர்காற்றில் விமானம் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றில் அதிக நேரம் சிக்கியிருக்கிறது, பின்காற்றில் வேகமாகப் போவதால் அந்தச் சுகத்தைக் குறைவாகவே அனுபவிக்கிறது. காற்று எவ்வளவு வலுவோ அவ்வளவு நஷ்டம். துபாய் வழிக்குக் கெட்ட காலம் குளிர்காலம். அப்போது வட இந்தியா, அரபிக் கடலின் வடபகுதி மேலாக வலுவான மேலைக் காற்றோடை ஓடும். மார்கழியில் துபாய் போகிறவர் எதிர்காற்றில் போவார், திரும்பி வருகிறவர் சீக்கிரம் வருவார்.

கடிகாரப் புதிருக்கு வருவோம். சூரியன் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. திருச்சிக்கும் துபாய்க்கும் 23.35 பாகை, அதாவது 93 நிமிடம். கடிகார வித்தியாசம் 90 நிமிடம். நேர்மையான கணக்கு. சிங்கப்பூருக்கு 25.28 பாகை, 101 நிமிடம். ஆனால் கடிகாரம் சொல்வது 150 நிமிடம்! மீதி 49 நிமிடம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அரசாங்க உத்தரவிலிருந்து. சிங்கப்பூர் இருக்கும் தீர்க்கரேகைக்குக் கிரீன்விச் நேரத்தைவிட 7 மணி முன்னதாக இருந்தால் போதும். ஜப்பானியர் ஆக்கிரமிப்பின்போது டோக்கியோ நேரம், பிறகு ஏழரை மணி என்று மாறி மாறி வந்தது. 1982 ஜனவரி 1 அன்று மலேசியா தன் கிழக்குப் பகுதியோடு ஒரே நேரம் வைத்துக்கொள்வதற்காக மேற்குப் பகுதியின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது, சிங்கப்பூரும் கூடவே தள்ளியது. அதற்கு முன் போனவர்களுக்கு நமக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். இன்று ஆண்டின் பெரும்பகுதியில் சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் பகல் ஒரு மணியைத் தாண்டியிருக்கும்.

தூரமும் நேரமும் முற்றிலும் பிரிந்துபோன ஒரு மாலையையும் திருச்சி பார்த்திருக்கிறது. 2024 அக்டோபர் 11 அன்று 141 பயணிகளோடு ஷார்ஜா புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. போயிங் 737இல் எரிபொருளை வானத்தில் கொட்டிவிடும் வசதி கிடையாது. அத்தனை எடையோடு இறங்குவது ஆபத்து. ஆகவே இரண்டரை மணி நேரம் வட்டமடித்து எரிபொருளைக் குறைத்து, அதே திருச்சியில் பத்திரமாக இறங்கியது. இரண்டரை மணி நேரம் பறந்து கடந்த தூரம் பூஜ்யம்.

விமானத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல்தான். 1926இல் கட்டிய ரஜூலா கப்பல் 1973 வரை ஓடியது. சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். இப்போது வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால், திருக்காட்டுப்பள்ளியிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம், அங்கே மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்க் காத்திருப்பது, நான்கு மணி நேர விமானம், இறங்கி வெளியே வர ஒரு மணி நேரம். ஒன்பது மணி நேரத்தில் 40 கி.மீ. காரிலும் 2,980 கி.மீ. வானத்திலும் போகிறோம். இதற்கு மேல் விமானத்தின் வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் மிச்சமாவது இரண்டு மணி நேரத்துக்குள்தான். குறைக்க வேண்டியது தரையில் நிற்கும் நேரத்தை.

உங்கள் வீட்டில் ஒருவர் கோலாலம்பூரில் இருந்தால், அந்த நிலையத்தின் எண்கள் 2.75, 101.71. தாளும் பென்சிலும் எடுத்து மேலே சொன்ன முறையில் போட்டுப் பாருங்கள். 2,687 கி.மீ.க்கு ஒன்றிரண்டு முன்பின் வந்தால் கணக்கு சரி.